லாக்புக்கில் 120 மணி நேரம்: பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே உதவுகிறதா?

கேள்வி – 2024 பிப்ரவரி 10

சிட்னிக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. மகனுக்கு அடுத்த மாதம் 16. எல், அதாவது பெரியவர் பக்கத்தில் இருக்க ஓட்டிப் பழகும் லைசென்ஸ், எடுக்கப் போகிறான். தனியாக ஓட்ட விடும் பி லைசென்ஸ் வாங்குவதற்கு 120 மணி நேரம் ஓட்டி லாக்புக்கில் கணக்குக் காட்ட வேண்டுமாம், அதில் 20 மணி நேரம் இரவில். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இது நடக்கிற காரியமா? ஊரில் நான் 21 நாளில் கற்றுக்கொண்டு 15 வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினேன். காசு போனால் போகட்டும், நல்ல இன்ஸ்ட்ரக்டரிடம் 20 வகுப்பு விட்டால் போதாதா? எல்லோரும் லாக்புக்கை எப்படியோ நிரப்பிவிடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

பிப்ரவரி 10, இரவு

போதாது தம்பி. மூத்தவளுக்கு ஒரு லாக்புக் நிரப்பி முடித்தேன். சின்னவனுக்கு இப்போது 41 மணி நேரத்தில் நிற்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வண்டியை நகர்த்த, நிறுத்த, ரிவர்ஸ் எடுக்க, இரண்டு காருக்கு நடுவில் சொருக ஒரு பிள்ளை இரண்டே வாரத்தில் கற்றுக்கொள்ளும். இன்ஸ்ட்ரக்டர் அதை நம்மைவிட நன்றாகவே சொல்லித் தருவார். ஆனால் முன்னால் நிற்கிற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ஆள் வரலாம் என்று கால் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுவது இருக்கிறதே, அது வகுப்பில் வராது. ஓட்டி ஓட்டித்தான் வரும்.

லாக்புக்கை எப்படியோ நிரப்புவது பற்றி: தயவுசெய்து செய்யாதீர்கள். பொய்க் கணக்கு எழுதிய அந்த 50 மணி நேரத்தையும் அவன் எப்படியும் ஓட்டித்தான் ஆக வேண்டும். பி மாட்டிய பிறகு ஓட்டுவான். அப்போது பக்கத்து சீட்டில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். எல் பிளேட்டோடு ஓட்டும் பிள்ளைகள் விபத்தில் சிக்குவது மிகவும் குறைவு. பி வாங்கித் தனியாகப் போகிற முதல் சில மாதங்களில்தான் அது திடீரென்று ஏறுகிறது. பல நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான்.

பிப்ரவரி 11

ஊரில் 21 நாள் என்றீர்கள். நானும் திருச்சியில் அந்த 21 நாள் வகுப்புதான் போனேன், 2003-இல். ஒரு மாருதி 800, பின் சீட்டில் மூன்று பேர், முறை வைத்து ஆளுக்குக் கால் மணி நேரம். கிளட்ச்சும் பிரேக்கும் இன்ஸ்ட்ரக்டர் பக்கமும் இருந்தன. எட்டாவது நாள்தான் தெரிந்தது, வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தது அவர் கால் என்று. நான் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே, காருக்கு 21 நாள் பயிற்சி, அதில் ஓட்டுகிற நேரம் மட்டும் 10 மணிக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. எனக்குக் கிடைத்தது மொத்தம் ஐந்து மணி நேரம் இருக்கும். லைசென்ஸ் கிடைத்தது, ஓட்டத் தெரியவில்லை. நீங்கள் 15 வருடம் நன்றாக ஓட்டினீர்கள் என்றால் அதற்கு அந்த 21 நாள் காரணமாக இருக்காது. முதல் ஒரு வருடம் யார் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள், எந்த நேரத்தில் எந்த ரோட்டில் ஓட்டினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 14

ஒரு திருத்தம். ‘120 என்றால் 120 இல்லையே அக்கா’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். நியூ சவுத் வேல்ஸில் இன்ஸ்ட்ரக்டரோடு ஓட்டும் ஒரு மணி நேரத்தை லாக்புக்கில் மூன்றாக எழுதலாம். 10 மணி நேரம் வரை அப்படி எழுதலாம், 30 ஆகிவிடும். 50 மணி நேரம் முடித்தவர்கள் ‘சேஃபர் டிரைவர்ஸ்’ வகுப்புக்குப் போனால் இன்னும் 20 சேரும். அந்த வகுப்பு மொத்தமே ஐந்து மணி நேரம்: மூன்று மணி நேரம் கூடிப் பேசுவது, இரண்டு மணி நேரம் காரில்.

ஆக, வீட்டுக் காரில் ஓட்டியே ஆக வேண்டியது 70 மணி நேரம்தான். வேலைக்குப் போகிற பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

பிப்ரவரி 17

நேற்றெல்லாம் அந்த ‘ஆறுதல்’ என்ற வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தச் சலுகை எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் 1994-இல் படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஸ்கார்பரோ பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜி1, ஜி2, ஜி என்று போகும். ஜி1-இல் 12 மாதம் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற டிரைவிங் ஸ்கூலில் படித்துச் சான்றிதழ் வாங்கினால் எட்டு மாதத்திலேயே அடுத்த படிக்குப் போகலாம். வகுப்புக்குப் போனவர்கள் நன்றாக ஓட்டுவார்கள், அவர்களைச் சீக்கிரம் விடலாம் என்ற நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். சில வருடம் கழித்து மாகாணத்தின் ஆய்வாளர்களே கணக்கெடுத்தபோது, சான்றிதழோடு வந்த புது ஓட்டுநர்களின் விபத்து விகிதம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகமாக இருந்தது. வகுப்பு கெடுத்தது என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருக்கும் நான்கு மாதத்தை அந்தச் சான்றிதழ் வெட்டி எடுத்துவிட்டது.

இதற்கு முன்பே அமெரிக்காவில் இன்னும் பெரிதாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் டிகாப் கவுண்டியில், 1970-களின் கடைசியில், சுமார் 16,000 பள்ளி மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அந்தக் காலத்தில் யாரும் கொடுக்காத அளவு, 70 மணி நேரத்தைத் தொடும் முழுமையான பாடத்திட்டம். இன்னொன்றுக்கு லைசென்ஸ் வாங்கும் அளவுக்குக் குறைந்தபட்சப் பயிற்சி. மூன்றாவதற்குப் பள்ளி எதுவும் சொல்லித் தரவில்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. போகப் போக விபத்துக் கணக்கில் நிலைத்து நிற்கிற மாதிரி எந்தப் பலனும் தெரியவில்லை. படித்த பிள்ளைகள் சீக்கிரம் லைசென்ஸ் வாங்கினார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு இன்ஸ்ட்ரக்டரே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் நான்கைந்து வகுப்பு அவரிடம்தான் போக வேண்டும். நம்மிடம் இருக்கும் கெட்ட பழக்கம் பிள்ளைக்கு ஒட்டாமல் இருக்கவாவது வேண்டும். தலையைத் திருப்பிப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் நம்பி லேன் மாறும் பழக்கம் எனக்கு இருந்தது. மகளின் இன்ஸ்ட்ரக்டர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவள் எனக்குச் சொல்லித்தான் அது என்னை விட்டுப் போனது. சின்னவனுக்கு மட்டும் அந்த மும்மடங்குக் கணக்கை எழுதாமல் விட்டிருக்கிறேன். ஒரு மணி என்றால் ஒரு மணி.

பிப்ரவரி 25

44 மணி நேரம் ஆகிவிட்டது. இன்று ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் வரை அவனே ஓட்டினான். எல் பிளேட்டுக்கு மணிக்கு 90 கி.மீ.-க்கு மேல் போகக் கூடாது, மோட்டர்வேயில் மற்றவர்கள் 110. பின்னால் லாரி வந்து நின்றால் யாருக்கும் கை வியர்க்கும். அவனுக்கும் வியர்த்தது. ‘இடது லேனிலேயே இரு, அவர் சுற்றிக்கொண்டு போவார்’ என்று இரண்டு முறை சொன்னேன், மூன்றாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயில் புளியோதரை அவனுக்கு எரிபொருள். திரும்பும்போதும் சாவியை விடவில்லை.

மார்ச் 9

‘மணி நேரம் கூடினால் விபத்து குறையும் என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று கேட்டவருக்கு.

சுவீடன். அங்கே 18 வயதில்தான் லைசென்ஸ். முன்பு 17½ வயதில்தான் பழகத் தொடங்கலாம். 1993-இல் அதை 16 ஆக இறக்கினார்கள், லைசென்ஸ் வயதை மாற்றவில்லை. 16-லேயே தொடங்கிய பிள்ளைகள் லைசென்ஸ் வாங்குவதற்குள் சராசரியாக 118 மணி நேரம் ஓட்டியிருந்தார்கள்; மற்றவர்கள் ஓட்டியது 50-க்கும் குறைவு. லைசென்ஸுக்குப் பிறகு 16-இல் தொடங்கியவர்களின் விபத்து ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் 120 என்ற எண் பேசப்பட்டதற்குப் பின்னால் இந்த 118-க்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே 2000-இல் 50 மணி நேரமாக இருந்ததை 2007-இல் 120 ஆக்கினார்கள்.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். சீக்கிரம் தொடங்கும் குடும்பங்களில் பெற்றோரின் அக்கறையும் வசதியும் கொஞ்சம் கூடவே இருக்கும். குறைந்ததில் ஒரு பகுதி அதனால் என்று அந்த ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பக்கத்து நாடான நார்வேயும் வயதை இறக்கிப் பார்த்தது. அங்கே அந்த அளவுக்கு விபத்து குறையவில்லை. வயது இறங்கியதே தவிர, பிள்ளைகள் ஓட்டிய நேரம் சுவீடன் அளவுக்கு ஏறவில்லை. சட்டம் வாய்ப்பைத்தான் கொடுக்கும். சாவியை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு கிளம்ப வேண்டியது வீட்டில் உள்ளவர்கள்.

மார்ச் 30

மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வழுக்கும் தரையில் காரைக் கட்டுப்படுத்தும் ஒரு நாள் பயிற்சி வாங்கித் தரலாமா என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். மழையில் வழுக்கினால் சமாளிப்பானே என்று நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மகளுக்கு வாங்கித் தர விலைகூட விசாரித்தேன்.

வேண்டாம் அண்ணா. நார்வேயில் 1979-இல் புது ஓட்டுநர்களுக்கு இந்த வழுக்குதரைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பனி நாடு, நியாயமான யோசனை. பிறகு கணக்குப் பார்த்தால் இளைஞர்களுக்கு, முக்கியமாகப் பையன்களுக்கு, வழுக்கும் சாலையில் விபத்து கூடியிருந்தது. ஒரு நாள் பயிற்சியில் திறமை கொஞ்சம் வரும், அது சில வாரத்தில் மங்கிவிடும். ‘எனக்குத் தெரியும்’ என்ற நினைப்பு மட்டும் மங்காது. வழுக்கினால் சமாளிக்கலாம் என்று நம்புகிறவன் வழுக்குகிற வேகத்தில் போவான். அந்தக் காசுக்கு பெட்ரோல் போட்டு மழை பெய்கிற சனிக்கிழமையாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மே 5

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு மாதமாக யோசித்தேன். மகளின் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

2022 ஜூலையில் அவளுக்கு சிவப்பு பி, அதாவது பி லைசென்ஸின் முதல் கட்டம், கிடைத்தது. லாக்புக்கில் பொய்யே கிடையாது, ஒவ்வொரு வரியும் நானோ இவரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. டெஸ்ட்டில் முதல் முறையே பாஸ். ஐந்தாவது வாரம், மாலை ஐந்தரை மணி, இருட்டிவிட்டது. ஒரு பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்ப வேண்டும். அம்புக்குறி இல்லாத வெறும் பச்சை விளக்கு. சந்திப்புக்கு நடுவில் வந்து காத்திருந்தாள். எதிரில் கார்கள் வந்துகொண்டே இருந்தன. விளக்கு மஞ்சளானது. எதிரே வருகிற கார் நின்றுவிடும் என்று நினைத்துத் திருப்பினாள். அது நிற்கவில்லை. அவளுடைய காரின் இடது பக்கத்தில் இடித்தது, யாருமே உட்காராத பக்கம். எதிர்க் காரில் வந்த பெரியவருக்குக் கையில் அடி. இவளுக்கு ஏர்பேக் பட்ட காயம் மட்டும்.

‘அம்மா, நான் எதையும் தப்பாகப் பண்ணவில்லை, அவர் நிற்பார் என்று நினைத்தேன்’ என்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் லாக்புக்கை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். டூங்காபி–வென்ட்வொர்த்வில். டூங்காபி–பள்ளி. டூங்காபி–தமிழ்ப் பள்ளி. டூங்காபி–மேஸ் ஹில் முருகன் கோயில். மறுபடி டூங்காபி–வென்ட்வொர்த்வில். அந்தப் பாதைகளில் அவள் திரும்பிய பெரிய சந்திப்புகளில் எல்லாம் அம்புக்குறி விளக்கு இருந்தது. எதிரே வருகிற கார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, நிற்குமா நிற்காதா என்று அவளாக முடிவு செய்ய வேண்டிய தருணம் 120 மணி நேரத்தில் எத்தனை முறை வந்திருக்கும்? பத்து முறைகூட இருக்காது. அந்தப் பத்திலும் ‘இப்போது போ’ என்று சொன்னது நான்.

அதனால் பிப்ரவரியில் நான் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். ஓட்டி ஓட்டித்தான் வரும் என்றேன். ஒரே ரோட்டில் ஓட்டினால் அந்த ரோடுதான் வரும். சின்னவனுக்கு லாக்புக்கோடு தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் மணி நேரம் எழுதுவதில்லை. அம்பு இல்லாத வலது திருப்பம், கண்ணை வெயில் அடிக்கும் மாலை, கொட்டும் மழை, இரண்டு லேன் ரவுண்டபவுட், மோட்டர்வேயில் நுழைவது, பள்ளி விடும் நேரத்து 40 கி.மீ. வேக மண்டலம், தெருவிளக்கே இல்லாத கிராமத்து ரோடு என்று எழுதி, ஒவ்வொரு முறை ஓட்டியதும் அதற்கு நேராக ஒரு கோடு போடுகிறோம். கோடு குறைவாக இருக்கும் இடத்துக்குத்தான் அடுத்த வாரம் போவோம்.

மே 6

‘இப்போது போ என்று சொல்லாமல், பக்கத்து சீட்டில் பேசாமல் இருப்பது எப்படி’ என்று கேட்ட தங்கைக்கு: நான் பேசுவதற்குப் பதில் அவனைப் பேச வைக்கிறேன். கண்ணில் படுவதை வாயால் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். ‘இடது பக்கம் குப்பை வண்டி, பின்னால் ஆள் இருக்கலாம்.’ ‘அந்த சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.’ புதிதாக ஓட்டுகிறவர்களின் கண் பானெட்டுக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தூரத்தையும் ஓரத்தையும் குறைவாகப் பார்ப்பார்கள். வாயைத் திறந்தால்தான் அவன் எதைப் பார்க்கவில்லை என்று நமக்குத் தெரியும். முதல் நாள் வெட்கப்பட்டான். இப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லை.

ஜூன் 16

78. இரவு மணி நேரம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு: இந்த மாதத்தை விடாதீர்கள். ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடுகிறது. டியூஷனுக்குப் போகவும் வரவும் அவனே ஓட்டினால் இரண்டு மாதத்தில் 20 முடிந்துவிடும். டிசம்பரில் இதே கணக்குக்கு எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும்.

ஜூலை 21

சென்னையிலிருந்து ஒரு அக்கா, 16 வயது மகளுக்கு ஸ்கூட்டர் கொடுக்கலாமா என்று கேட்கிறார். ‘கியர் இல்லாத வண்டிக்கு 16 போதும்’ என்று எல்லோரும் சொல்கிறார்களாம்.

அக்கா, அது 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும். கடையில் நாம் வாங்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். அதற்கு 18 ஆக வேண்டும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சட்டத்தை விடுங்கள். அங்கே 18 வயதில் எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழித்து எட்டுப் போட்டால் கையில் லைசென்ஸ். எட்டுப் போடுவதில் பேலன்ஸ் தெரியும், தண்ணி லாரிக்கு எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்று தெரியாது. 18 ஆனதும் நீங்கள் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டு, ஆறு மாதம் கூடவே போங்கள். அப்படிக் கூடவே போவதை இந்தியச் சட்டம் கேட்கவில்லை, நீங்கள் செய்யலாம்.

செப்டம்பர் 6

இன்றோடு இரண்டு வருடம். சிட்னிக்குத் தென்மேற்கே பக்ஸ்டனில் ஒரு கார் மரத்தில் மோதி 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து பிள்ளைகள் போன நாள். ஓட்டிய பையனுக்கு 18, அவன் மட்டும் பிழைத்தான்.

மகளின் விபத்து நடந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலை செய்தியைப் பார்த்துவிட்டு அவள் அறைக்குப் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

சிவப்பு பி வைத்திருக்கும் 25 வயதுக்கு உட்பட்டவர், இரவு 11 முதல் காலை 5 வரை, 21 வயதுக்குக் குறைந்த ஒருவரைத்தான் ஏற்றலாம் என்று இங்கே விதி. பக்ஸ்டன் நடந்தது இரவு எட்டு மணி வாக்கில். விதி அப்போது தொடங்கியே இருக்காது. 16, 17 வயது ஓட்டுநர்களை வைத்து அமெரிக்காவில் 2000-இல் வந்த ஒரு ஆய்வில், 16 வயதுப் பிள்ளை தனியாக ஓட்டுவதைவிட மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவர்களை ஏற்றி ஓட்டும்போது அந்தப் பிள்ளை விபத்தில் இறக்கும் ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று வந்தது. எத்தனை மணி நேரம் பழகியிருந்தாலும், பின் சீட்டில் நான்கு நண்பர்கள் சிரித்துக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கம் எங்கேயோ போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் விதி இது: பி வாங்கிய முதல் ஆறு மாதம் பகலோ இரவோ நண்பர்கள் கிடையாது. தம்பி அக்கா ஏறலாம். ‘எல்லோரும் ஏற்றுகிறார்கள்’ என்று அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அதற்குப் பதிலாக அவள் நண்பர்களை ராத்திரி எத்தனை மணிக்கானாலும் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்து அவரவர் வீட்டில் விட்டேன். அந்த ஆறு மாதம் எனக்குத் தூக்கம் குறைவுதான்.

செப்டம்பர் 8

‘ஆறு மாதம் என்ன கணக்கு’ என்று கேட்டிருக்கிறார்கள். முதல் மாதத்தில் உச்சத்தில் இருக்கும் ஆபத்து ஆறு மாதத்துக்குள் வேகமாக இறங்குவதாகப் பல நாட்டுக் கணக்கும் சொல்கிறது. அதற்குப் பிறகும் இறங்கும், மெதுவாக. ஒரு வருடம் வைக்க முடிந்தால் வையுங்கள்.

நவம்பர் 17

126. ஆகஸ்டிலேயே அவனுக்கு 17 முடிந்தது. 120-ம் தாண்டிவிட்டோம். கம்ப்யூட்டரில் எடுக்கும் ஆபத்தறியும் தேர்விலும் பாஸ். டெஸ்ட்டுக்குப் போயிருக்கலாம். நோட்டில் கிராமத்து ரோட்டுக்கு நேராக மூன்றே கோடு இருந்தது, அதனால் நிறுத்தி வைத்திருந்தேன். போன வாரம் மலைப்பக்கம் பெல்ஸ் லைன் ரோட்டில் பொழுது சாயும் நேரத்தில் போனோம். ஒரு வளைவுக்கு முன்னால் தானாகவே வேகத்தைக் குறைத்தான். ‘ஏன்டா’ என்றேன். ‘ஓரத்தில் புல் அசைந்தது’ என்றான். அந்தப் பக்கம் கங்காரு ஒன்று நின்றிருந்தது. அது ரோட்டுக்கு வரவில்லை. நாங்கள் மெதுவாகக் கடந்து போனோம்.

டெஸ்ட்டுக்கு டிசம்பர் 11-க்குப் பதிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரியில் கேள்வி கேட்ட தம்பி, மகன் 38-இல் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூட்டம் குறைவு. அம்பு இல்லாத வலது திருப்பத்தை அந்த நேரத்தில் ஆரம்பியுங்கள். ‘போ’ என்று நீங்கள் சொல்லாதீர்கள். பின்னால் ஹார்ன் அடித்தாலும் அவன் முடிவு செய்யட்டும்.